ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் தேர்ந்தெடுப்பது எப்படி? டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து கார் ஆர்வலர்களான தமிழன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, டர்பனில் வீல், டயர் பொருத்தும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். நம் ஊரில் ‘மேக்ஸ்’ எனப்படும் அலாய் வீல் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வடிவத்தை முதலில் பார்த்து மயங்கிவிட்டு, அளவைக் கடைசியில் விசாரிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, பழைய டொயோட்டா 86 ஒன்று வாங்கியிருக்கிறேன். கம்பெனி வீல் 17×7 (விட்டம் 17 அங்குலம், அகலம் 7 அங்குலம்), ஆஃப்செட் 48 மி.மீ. ஒரு கடையில் 18×8.5, ஆஃப்செட் 38 வீல் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. என் காருக்குப் பொருந்துமா?

தம்பி, ‘பொருந்துமா’ என்ற கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, போல்ட் வட்டம்: உங்கள் காரில் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து துளைகள். இரண்டாவது, நடு ஓட்டை: வீல் வந்து அமரும் அச்சுத்தலையான ஹப்பின் விட்டம் 56.1 மி.மீ. இவ்விரண்டும் ஒத்துவந்த பிறகுதான் மூன்றாவதான அகலத்தையும் நான்காவதான ஆஃப்செட்டையும் பார்க்க வேண்டும். பிழை நேர்வது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான்.

வீலின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும், வீல் ஹப்பின்மேல் அமரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது. அதாவது பக்கத்துக்கு 19 மி.மீ. ஆஃப்செட் 10 மி.மீ. குறைகிறது. ஆகவே வெளி விளிம்பு இப்போதிருப்பதைவிட 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். உள்ளே போகும் 9 மி.மீ. பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் 29 மி.மீ. வெளியே வந்த டயர், காரில் ஆள் ஏறிச் சாலைக் குழியில் இறங்கும்போது மட்கார்டு விளிம்பில் உரசும் வாய்ப்பு அதிகம். அத்துடன், சக்கரம் வெளியே தள்ளத் தள்ள ஸ்டியரிங்கை மேடு பள்ளம் பிடித்து இழுக்கும் சுபாவமும் கூடும். இது கடைக்காரர் சொல்லாத விஷயம்.

17×8, ஆஃப்செட் 45 என்ற அளவைத் தேடிப் பாருங்கள். வெளியே ஏறக்குறைய 16 மி.மீ., உள்ளே 10 மி.மீ.; அவ்வளவுதான். அதில் 225/45 ஆர் 17 டயர் (225 மி.மீ. அகலம், அதில் 45 விழுக்காடு பக்கச்சுவர் உயரம், 17 அங்குல வீல்) போட்டால் மொத்த விட்டம் கம்பெனி டயரின் 625 மி.மீ.யிலிருந்து 634 ஆகும். ஸ்பீடோமீட்டரில் ஒன்றரை விழுக்காட்டுக்குள்தான் வேறுபாடு வரும். டொயோட்டா 86 என்பது குறைந்த எடையையும் அளவான டயரையும் வைத்து இன்பம் தருவதற்காகவே உருவாக்கப்பட்ட கார். அதற்குப் பெரிய வீலைப் போட்டு அந்தக் குணத்தைக் கெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வாங்குவதற்கு முன் இடைவெளியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. உங்களுடைய வீலைக் கழற்றி, சஸ்பென்ஷன் தூணில் டயரை நோக்கிய பக்கத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு விரல் தடிமனுக்கு ஒட்டுங்கள். வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, வேகத்தடைமேல் ஒருமுறை மெல்ல ஏற்றி இறக்குங்கள். மீண்டும் கழற்றிப் பார்த்தால், நசுங்கிய களிமண்ணில் எஞ்சியிருக்கும் தடிமனே உங்களுக்கு மிஞ்சியிருக்கும் இடம். களிமண்ணை டயர் தொடவே இல்லையென்றால் அதன் தடிமனுக்கும் மேலாக இடம் இருக்கிறது என்று பொருள்.

பீனிக்ஸிலிருந்து ஒருவர்: ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ. வைத்திருக்கிறேன். இப்போது 225/40 ஆர் 18. பத்தொன்பது அங்குலம் போட ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அப்பா சொல்வதுதான் சரி. 225/40 டயரின் பக்கச்சுவர் உயரம் 90 மி.மீ. பத்தொன்பது அங்குலத்துக்கு 225/35 போட்டால் அது 79 மி.மீ.யாகக் குறையும். மாறாக 225/45 ஆர் 17 போட்டால் 101 மி.மீ. கிடைக்கும். மூன்றுக்கும் மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்: 637, 640, 634. ஆகவே கார் உயர்வதோ தாழ்வதோ இல்லை. உலோகத்துக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பர்தான் கூடிக் குறைகிறது.

கோடை மழைக்குப் பின் குவாசுலு நட்டாலில் சாலைகள் எப்படி இருக்கும் என்பதும், 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் வட்டாரத்தில் எத்தனை சாலைகளைப் பெயர்த்தெடுத்தது என்பதும் உங்களுக்கே தெரியும். குழியின் மறு விளிம்பில் டயர் மோதும்போது, ரப்பர் முழுதாக நசுங்கி, ரிம்மின் விளிம்பே நேராக அடி வாங்குகிறது. அப்போது பெரும்பாலும் வளைவது உள் விளிம்புதான், ஏனென்றால் ஆரக்கால்கள் வெளிப்பக்கமாக இருப்பதால் உள் விளிம்புக்குத் தாங்கல் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீல் பளபளவென்று முழுதாக இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ‘பேலன்ஸ் போய்விட்டது’ என்று வருபவர்களின் வீலைக் கழற்றி உள்ளே பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட நேரம் உள் விளிம்பில்தான் நெளிவு இருக்கிறது.

பதினேழு அங்குலம், பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைத் தொடாமல் நிற்குமானால் அதுவே என் முதல் தேர்வு. காலிப்பரின் உயரத்தை அட்டையில் வெட்டி, கடையில் வீலின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். இடம் போதாதென்றால் பதினெட்டிலேயே இருங்கள். சாதாரண வார்ப்பு வீலுக்குப் பதில் ஃப்ளோ ஃபார்ம் வீல் வாங்குங்கள். அது வார்த்தெடுத்த பிறகு, சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி ரிம் பகுதியை இழுத்து நீட்டிச் செய்வது. அதனால் அந்தப் பகுதி மெல்லியதாகவும், அதே நேரத்தில் உறுதியாகவும் அமைகிறது. ஃபோர்ஜ் செய்த, அதாவது உலோகக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அழுத்தி உருவாக்கிய, வீல் இன்னும் மேல், ஆனால் விலையில் பெரும் ஏற்றம். அன்றாடம் வேலைக்குப் போய்வரும் காருக்கு ஃப்ளோ ஃபார்ம் போதும் என்பது என் எண்ணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: அண்ணா, என்னிடம் பி.எம்.டபிள்யூ. இ30 இருக்கிறது. நண்பரிடம் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் வீல் ஒரு செட் சும்மா கிடக்கிறது. இரண்டுக்கும் நான்கு துளை, 100 மி.மீ. வட்டம், நடு ஓட்டையும் 57.1 என்கிறார்கள். மாட்டிவிடலாமா?

எண்கள் ஒத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. பிரிட்டோரியா அருகே ரோஸ்லின் தொழிற்சாலையில் செய்த 325 ஐ.எஸ். உட்பட இ30 வகையின் பெரும்பாலான கார்களுக்கும், சிட்டி கோல்ஃபுக்கும் இந்த இரண்டு அளவும் ஒன்றுதான். அதனாலேயே இது ஆபத்தான பொருத்தம்; கையில் எடுத்து மாட்டினால் சிக்கலே இல்லாமல் ஏறிவிடும்.

கோல்ஃப் வீலின் ஆஃப்செட் 38 அளவில் இருக்கும். இ30-இன் 15×7 கம்பெனி வீலுக்கு அது 24. வீல் 14 மி.மீ. உள்ளே போய்ச் சஸ்பென்ஷன் தூணை நெருங்கிவிடும். அதைவிடக் கவலைக்குரியது போல்டின் தலை அமரும் இடம். ஃபோக்ஸ்வாகன் கம்பெனி வீலில் அந்தக் குழி உருண்டை வடிவம், பி.எம்.டபிள்யூ. போல்டின் தலையடி கூம்பு வடிவம். கூம்பை உருண்டைக் குழியில் முடுக்கினால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே உலோகம் உலோகத்தைத் தொடும். முடுக்கும்போது இறுகியதாகத் தோன்றும். ஓட ஓடத் தளரும். சும்மா கிடைக்கிறதே என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். நம் நாட்டில் அத்தனை பேர் உயிராகப் போற்றும் காரை வைத்திருக்கிறீர்கள். அதற்கென்றே ஆஃப்செட் இருபதுகளில் உள்ள 15 அங்குல வீல் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

டோங்காட்டிலிருந்து: நடு ஓட்டை பெரிதாக உள்ள வீலுக்குப் பிளாஸ்டிக் வளையம் போடுகிறார்களே, அது தாங்குமா?

தாங்கும். அந்த வளையத்தின் வேலை, முடுக்கும்போது வீலை நடுவில் நிறுத்துவது மட்டுமே. சுமையைத் தாங்குவது, போல்ட் இறுக்கத்தால் ஹப்போடு அழுந்திநிற்கும் முகம். ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர்கள் மட்டும் அலுமினிய வளையம் போடட்டும், ஏனென்றால் பிரேக்கின் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

வெருலத்திலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, பெயர்பெற்ற கம்பெனியின் வீலைப் போலவே அச்சு அசலாக இருக்கும் வீல் கால் விலைக்குக் கிடைக்கிறது. பேரன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

ஐயா, வடிவம் ஒன்றாக இருப்பது குற்றமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீலைக் கவிழ்த்து வைத்து, ஆரக்கால்களின் பின்புறத்தையும் ஹப்பில் அமரும் முகத்தைச் சுற்றியும் படித்துப் பாருங்கள். அகலம், ஆஃப்செட், செய்த தேதி, தாங்கும் சுமை ஆகியவை வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜே.டபிள்யூ.எல். எழுத்துகளும், வெளியார் சோதனையைக் குறிக்கும் வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் நல்லது, ஜெர்மனியின் டி.யூ.வி. சான்று இருந்தாலும் நல்லது. ஆனால் முத்திரையையும் போலியாக வார்க்க முடியும் என்பதால், விற்பவர் சோதனைச் சான்றின் நகலைத் தருவாரா என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சுமைக் கணக்கு எளிது. காரில் உற்பத்தியாளர் பொருத்திய விவரத் தகட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் அதிகபட்சச் சுமை குறிக்கப்பட்டிருக்கும். முன் அச்சுக்கு 1,100 கிலோ என்றால் ஒரு வீல் குறைந்தது 550 கிலோவைத் தாங்க வேண்டும். வீலில் அந்த எண்ணே இல்லையென்றால் அது அலங்காரப் பொருள், வாங்காதீர்கள்.

வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். நம் நாட்டில் டைகர் வீல்ஸ் என்ற வீல் நிறுவனத்தைத் தொடங்கிய எடி கைசான், 1973 முதல் 1975 வரை தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீயில் கயாலமியில் ஓடிய பந்தய வீரர். வீல் தொழிலில் நம் நாட்டுக்கு நல்ல மரபு இருக்கிறது.

லெனேசியாவிலிருந்து: இங்கே காற்று சரியாக அடித்துக்கொண்டு டர்பனுக்கு வந்தால், இறங்கியதும் டயர் தளர்ந்தாற்போல் இருக்கிறது. புது வீலில் காற்று கசிகிறதா?

கசிவாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் லெனேசியாவை உள்ளடக்கிய ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. காற்றளவி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. லெனேசியாவில் 2.2 பார் வைத்தால், அதே வெப்பநிலையில், டர்பன் கடற்கரையில் அது ஏறக்குறைய 2.0 பார் என்று காட்டும். தாழ்ந்த பக்கச்சுவர் உள்ள டயருக்கு இந்தக் குறைவு சிறிதல்ல. குழியில் ரிம் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வந்து சேர்ந்த மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்புங்கள். திரும்பி வான் ரீனன் கணவாய் ஏறி ஊர் போய்ச் சேர்ந்ததும், கூடுதலாக இருப்பதைக் குறைத்துவிடுங்கள். அளந்த பிறகும் ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிடக் குறைந்திருந்தால், அப்போது கசிவைத் தேடலாம்.

உம்ஹ்லாங்காவிலிருந்து ஒரு சகோதரி: வாங்கிய புதிதில் மின்னிய வீலில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் பரவுகின்றன. கழுவினாலும் போவதில்லை. என்ன செய்வது?

அம்மா, முகத்தை இயந்திரத்தில் சீவி, மேலே நிறமில்லாப் பூச்சு மட்டும் அடித்த வீலுக்குக் கடலோரத்தில் வரும் நோய் இது. சிறு கல் பட்டுப் பூச்சில் கீறல் விழுந்ததும், உப்புக்காற்று அதன் வழியே புகுந்து, பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே புழு ஊர்ந்த தடம்போல அரித்துக்கொண்டே போகும். பூச்சை முழுதாக நீக்கி, மீண்டும் பூசுவதுதான் தீர்வு. அப்போது சீவிய முகம் வேண்டாம். முழுவதும் நிறப் பூச்சாக அடித்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் சீவினால் உலோகம் குறையும். அமிலம் கலந்த வீல் கிளீனரை அறவே தவிர்த்து, கார் ஷாம்பூவால் வாரம் ஒருமுறை உட்புறத்தையும் சேர்த்துக் கழுவுங்கள்.

கேப் டவுனிலிருந்து: டொயோட்டா ஜி.ஆர். யாரிஸுக்குப் பின்னால் அகல டயர் போடலாமா?

வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் அது. முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால், நேராக ஓடும்போதும், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் கிளட்ச் ஓயாமல் உழைத்துச் சூடேறும். நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே அளவு தேய்மானம்.

மறுபடியும் சாட்ஸ்வர்த்திலிருந்து, ஒரு தாயார்: மகன் புது வீல் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். இனிமேல் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

அம்மா, இன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு வீலின் அளவையும் விலையையும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம். பிறகு, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறியிருக்கும்போது, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு ஒவ்வொரு போல்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். எண் காருக்குக் கார் மாறும்: மேலே கேட்டவர்களின் கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கு 120 நியூட்டன் மீட்டர், இ30-க்கு 100 அளவில். உங்கள் காருக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுத் துப்பாக்கியால் கடைசி இறுக்கம் செய்ய விடாதீர்கள். முதல் சோதனையில் ஒன்றிரண்டு போல்ட் சற்றே நகர்வது இயல்பு, ஏனெனில் புதுப் பூச்சு அழுந்தி அமர்கிறது. அதே போல்ட் இரண்டாம் முறையும் தளர்ந்திருந்தால், அதை மேலும் முடுக்கிவிட்டு ஓட்ட வேண்டாம். காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, பொருத்தியவரை வரவழைத்து, போல்ட் தலையும் வீலின் குழியும் ஒரே வடிவம்தானா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.