ஆப்பிரிக்கத் துணியில் கில்ட்: வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள்

ஆப்பிரிக்கத் துணிகளில் கில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) தைக்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள், ஆனால் குழப்பம் எல்லாருக்கும் ஒன்றுதான். டிசைனைப் பார்த்து மயங்கி விலை கொடுக்கிறோம். இந்தத் துணிகளின் விலையோ எப்படிச் செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

கேள்வி: இணையத்தில் "ஆப்பிரிக்கன் வாக்ஸ், 100 சதவீதம் காட்டன்" என்று பார்த்து 6 கெஜம் வாங்கினேன். முன்பக்கம் பளிச்சென்று இருக்கிறது, பின்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. சூடாக இஸ்திரி போட்டால் ஓரம் சுருண்டு இழுக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (கோவை வாசகி)

பதில்: பின்பக்கம் வெளுத்திருந்தால் அது வாக்ஸ் இல்லை. வாக்ஸ் துணியில் உருக்கிய பிசினை இரண்டு பக்கமும் அச்சிட்டு, அப்புறம்தான் நீலச் சாயத்தில் முக்குவார்கள். பிசின் பிடித்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு பிசினைக் கழுவி எடுத்து மற்ற நிறங்களைச் சேர்ப்பார்கள். அதனால் நல்ல வாக்ஸ் துணியில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சொல்வதே கஷ்டம். மெழுகு வைத்துச் சாயமிடும் ஜாவாவின் பாத்திக்கை இயந்திரத்தில் செய்ய ஐரோப்பியர்கள் முயன்றதில் பிறந்த முறை இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்குச் சந்தை பிடித்தது. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ இன்றும் செய்கிறது. கானாவில் ஜி.டி.பி. (GTP), ஐவரி கோஸ்ட்டில் யூனிவாக்ஸ் என்று ஆப்பிரிக்காவிலேயே செய்கிற ஆலைகளும் உண்டு.

உங்களுக்கு வந்திருப்பது ஃபேன்சி பிரிண்ட். வாக்ஸ் டிசைனை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த துணி. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். கில்ட்டில் பின்பக்கம் எப்படியும் உள்ளே போய்விடும், அதனால் காட்டனாக இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். வாக்ஸ் விலையை மட்டும் இதற்குக் கொடுக்கக் கூடாது.

கரையில் அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அதையும் போலியாக அச்சடிக்கிறார்கள். இன்னொரு சோதனை இருக்கிறது. பிசின் காய்ந்து வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடுகள் ஓடும். ஒரே பூ துணியில் திரும்ப வரும் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெடிப்பு தானாக விழுந்தது என்றால் இரண்டு பூவிலும் நரம்புக் கோடு வேறு வேறாக இருக்கும். அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால், அந்த வெடிப்பும் டிசைனோடு சேர்த்து அச்சடித்ததுதான். இணையத்தில் வாங்கும்போது பின்பக்கப் படமும், பூவின் கிட்டத்துப் படமும் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

இஸ்திரிக்குச் சுருள்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். மணி திரண்டால், விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் பக்கத்தை இப்போதே படமெடுத்து வையுங்கள், பிறகு அதை மாற்றிவிடலாம். முக்கியமாக, துணியை வெட்டாதீர்கள், நனைக்காதீர்கள்.

கேள்வி: "ஆப்பிரிக்கா கிடெங்கே" என்று கடைக்காரர் விற்றார். விசாரித்தால் குஜராத்தில் அச்சடித்ததாம். இது போலிதானே? (சென்னை வாசகர்)

பதில்: போலி இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் உடுத்தும் காங்கா, கிடெங்கே துணிகளில் கணிசமான பங்கு இந்தியாவில் அச்சாகிக் கப்பலேறுவதுதான். குஜராத்தின் ஜேத்பூர் அதற்குப் பெயர் போன ஊர். நம் பக்கத்துக்கும் இந்த உறவு பழையது. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறது. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலாபாரி மக்கள் அதை இஞ்சிரி என்று சொல்கிறார்கள். நெய்த துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி, அதிலேயே புது டிசைன் கொண்டுவருவார்கள். அதற்குப் பெலெத்தே பிதே என்று பெயர். அவ்வளவு நுட்பமான வேலைக்கு நம் தறித்துணி அடித்தளமாக இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஜேத்பூர் துணியை ஜேத்பூர் துணி என்று சொல்லி, அதற்கான விலைக்குக் கொடுத்தால் நியாயமான வியாபாரம். "கானாவிலிருந்து இறக்குமதி" என்று சொல்லிக் கொடுத்தால் மோசடி. பில்லில் எந்த நாட்டுத் துணி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவரின் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்திருக்கிறேன். இங்கே எல்லாரும் ஷ்வெஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுத் துணியில் கில்ட் தைக்கிறார்கள். ஆசையாகக் கடைக்குப் போனால் துணி அட்டை போல விறைப்பாக இருக்கிறது, ஒரு மாதிரி வாசனையும் அடிக்கிறது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுகிறார்களா? (ஜோகன்னஸ்பர்க் வாசகி)

பதில்: அந்த விறைப்பும் வாசனையும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். கப்பலில் நெடுநாள் வருகிற துணி கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் கனமாகக் கஞ்சி போட்டு அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் துணியின் அடையாளமாகவே நின்றுவிட்டது. பழைய தலைமுறைப் பெண்கள் துணி ஓரத்தை நாக்கால் தொட்டு, உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தே வாங்குவார்களாம். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். த்ரீ கேட்ஸ் என்ற பிராண்ட் ஷ்வெஷ்வே என்றால் மூன்று பூனை முத்திரை துணியின் பின்பக்கம் அச்சாகியிருக்கும். அதே ஆலையின் த்ரீ லெப்பர்ட்ஸ் துணியும் நல்லது.

இந்த ஆலை டகாமா. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், முன்பு கிங் வில்லியம்ஸ் டவுன் என்றிருந்த கொன்சே நகரை ஒட்டிய ஸ்வெலித்ஷாவில் இருக்கிறது. 1982இல் ஷ்வெஷ்வே அச்சிடத் தொடங்கியது. 1992இல் மான்செஸ்டர் நிறுவனம் ஒன்றிடமிருந்து த்ரீ கேட்ஸ் உரிமையையும் டிசைன் செதுக்கிய செப்பு உருளைகளையும் வாங்கிக்கொண்டது. செய்முறை வாக்ஸுக்கு நேர் எதிர். முதலில் துணி முழுக்கச் சாயம். பிறகு செப்பு உருளை மெல்லிய அமிலக் கரைசலைப் பதிக்கிற இடத்தில் மட்டும் நிறம் போய், வெள்ளைப் புள்ளியும் கோடும் வரும். அதனால்தான் டிசைன் அவ்வளவு பொடியாக, கூர்மையாக இருக்கிறது. இரண்டடி தள்ளி நின்றால் வெறும் நீலமாகத் தெரியும். கிட்டே போனால் ஊசிமுனை அளவு புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். போலிகளில் இந்தப் புள்ளி மசமசவென்று இருக்கும், வெள்ளையும் துலக்கமாக இராது.

வாங்கும்போது இரண்டு கணக்கு. ஒன்று, பன்னா (துணியின் அகலம்) 90 சென்டிமீட்டர்தான். அமெரிக்க கில்ட் புத்தகங்கள் 42 முதல் 44 அங்குலப் பன்னாவுக்குக் கணக்குச் சொல்லும். அதைப் பார்த்து வாங்கினால் பற்றாது. இன்னொன்று, துவைத்தால் கஞ்சி போய்த் துணி மெத்தென்று ஆகும், சுருங்கவும் செய்யும். ஷ்வெஷ்வே மட்டும் வைத்துத் தைப்பதானால் துவைக்காமல் வெட்டலாம். விறைப்பாக இருப்பதால் மூலைகள் பிசகாமல் சேரும். வேறு காட்டனோடு கலந்து தைப்பதானால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசிக் காயவையுங்கள். கருநீலத்தையும் சிவப்பையும் வெள்ளையோடு ஒரே வாளியில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கில்ட் குழுவில் ஆறு பேர். வாக்ஸ் துணியைக் கடையில் 6 கெஜத்துக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. பங்கு போட்டு வாங்கலாமா? பிறக்கப்போகும் பேத்திக்கு ஒரு கில்ட் தைக்க ஆசை. (டொராண்டோ வாசகி)

பதில்: தாராளமாகப் பங்கு போடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 6 கெஜம் அரை பீஸ், 12 கெஜம் முழு பீஸ். முழு உடைக்கு அளவு வைத்து நெய்த கணக்கு அது, கில்ட்டுக்கு அல்ல. 6 கெஜம், 46 அங்குலப் பன்னா என்றால் 5 அங்குலச் சதுரம் 387 வெட்டலாம். ஒருவருக்கு அது ரொம்ப அதிகம்.

ஆனால் ஆளுக்கு ஒரு கெஜம் என்று கத்தரி வைக்குமுன் துணியை முழுவதும் தரையில் விரித்துப் பாருங்கள். வாக்ஸ் டிசைன்கள் பெரியவை. ஒரு பறவையோ விசிறியோ முழங்கை நீளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ஒருவருக்குத் தலையும் ஒருவருக்கு வாலும் போகும். யாருக்கு முழு உருவம், யாருக்கு நிறத் துண்டு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நிறத் துண்டு கிடைத்தவர் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கானாவில் பிறந்த தந்தையின் மகளான அமெரிக்கக் கலைஞர் பிசா பட்லர், வாக்ஸ் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுயர மனித உருவங்களைக் கில்ட்டாகத் தைக்கிறார். அங்கே ஊதா ஒரு கன்னத்தின் நிழலாகிறது, ஆரஞ்சு நெற்றியில் விழும் வெளிச்சமாகிறது.

பேத்திக்கு என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கானாவின் அகான் மக்களிடையே சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் துக்க உடை. தெரியாமல் குழந்தைப் போர்வைக்கு அதை எடுத்து, கானாக்காரத் தோழி பார்த்துச் சங்கடப்படும்படி ஆக வேண்டாம். பல டிசைன்களுக்கு அங்கே பெயரும் உண்டு. பணத்துக்குச் சிறகு உண்டு, நல்ல மணிகள் சத்தம் போடாது என்று பழமொழிகளே பெயராக இருக்கும். அந்தப் பெயர்களைப் பெரும்பாலும் ஆலைக்காரர் வைத்ததில்லை, சந்தையில் விற்ற, வாங்கிய பெண்கள் வைத்தார்கள். டோகோவின் லோமே நகரில் இந்தத் துணியை மொத்தமாக எடுத்து விற்ற பெண் வியாபாரிகள் பென்ஸ் காரில் போகும் அளவுக்கு உயர்ந்து நானா பென்ஸ் என்றே பெயர் வாங்கினார்கள். வாங்கும் கடையில் டிசைனின் பெயரைக் கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் ஆசையாகச் சொல்வார்.

உங்கள் குழு போலவே அமெரிக்காவில் 1985இல் கரோலின் மஸ்லூமி தொடங்கிய கறுப்பினக் கில்ட் கலைஞர்களின் கூட்டமைப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்புகளின் கண்காட்சி உங்கள் பக்கம் வந்தால் ஆறு பேரும் சேர்ந்து போய் வாருங்கள். துணி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அங்கே ஒரு மணி நேரம் பேசினால் தெரிவது, எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

கேள்வி: மாலி நாட்டு மண்சாயத் துணி போகொலானில் கட்டில் விரிப்பு தைக்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: அசல் போகொலான் என்றால் வேண்டாம். கையால் நூற்ற கனத்த நூலில் குறுகிய பட்டைகளாக நெய்து, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இலைச் சாயத்தில் நனைத்து, புளிக்கவைத்த சேற்றால் வரைந்த துணி அது. கனம் அதிகம், வெட்டினால் இழை பிரியும், அடிக்கடி துவைக்கவும் தாங்காது. பெரிய துண்டுகளாக வைத்துச் சுவரில் மாட்டும் கில்ட் தையுங்கள், அழகாக இருக்கும். கட்டிலுக்கு அதே டிசைனை அச்சடித்த காட்டன் போதும். பட்டை இணைத்த தையல் பின்பக்கம் தெரிந்தால் கைவேலை, ஒரே அகலத் துணியாக இருந்தால் அச்சு.

கேள்வி: தைக்கத் தெரியாது. ஆப்பிரிக்கப் பாரம்பரியக் கில்ட் ஒன்றை இந்தியாவிலேயே வாங்க வழி உண்டா? (சேலம் வாசகி)

பதில்: உண்டு, பக்கத்து மாநிலத்திலேயே. வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் பெண்கள் தைக்கும் போர்வை கவந்தி. துணி ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததில்லை, வீட்டில் உடுத்திப் பழகிய சேலையும் சட்டையும்தான். அடியில் ஒரு பழைய சேலை, அதன் மேல் ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்து நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். கடைசியாக நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூ வைப்பார்கள். அதற்கு ஃபுலா என்று பெயர். அது இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணம்.

இயந்திரத்தில் தைத்து "சித்தி ஸ்டைல்" என்று விற்பவை வேறு. கைத்தையலில் வரி நேர்கோடாக இராது, ஆனால் இடைவெளி ஏறக்குறைய சமமாக ஓடும். பின்பக்கம் பார்த்தாலும் அதே தையல் ஓட்டம் தெரியும். வாங்குவதானால் அந்தப் பெண்களிடமோ அவர்களுக்குப் பணம் நேராகப் போய்ச் சேரும் குழுவிடமோ வாங்குங்கள். தைத்தவர் பெயரையும் அவருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கேளுங்கள், நாணயமானவர்கள் மறைக்க மாட்டார்கள். ஒரு கட்டில் அளவுப் போர்வைக்குப் பல வாரக் கைவேலை தேவைப்படும், அதனால் பேரம் பேசாதீர்கள். பழைய துணி என்பதால் சாயம் போகுமா என்று ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லலாம், அதில் தப்பில்லை. பணம் அனுப்புமுன் நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.