பழைய மரப்படகும் எபாக்ஸிப் போர்வையும்

வணக்கம்.

1962-இல் கட்டப்பட்ட 32 அடி பாய்மர யாட் ஒன்று விலைக்கு வருகிறது. ஓக் வங்குகள் (விலா எலும்புபோல் நிற்கும் வளைசட்டங்கள்), மகோகனிப் பலகைகள், மர ஏராவுக்கு (படகின் முதுகெலும்பான அடிக்கட்டைக்கு) அடியில் போல்ட் போட்டு மாட்டிய இரும்புப் பாரம். இரண்டு வருடமாகக் கரையில் நிற்கிறது. பலகை இடுக்குகளில் சில இடங்களில் காசு நுழைகிறது. தண்ணீரில் இறக்கினால் தானாக மூடிக்கொள்ளும் என்கிறார் விற்பவர். எனக்கோ, இடுக்குகளை எபாக்ஸி என்னும் கெட்டிப்படும் பிசினால் அடைத்து, வெளியே முழுக்கக் கண்ணாடியிழைத் துணி ஒட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றுகிறது. செய்யலாமா? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செய்யாதீர்கள். விற்பவர் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கிறது. உங்கள் யோசனையில் அதுவும் இல்லை.

பலகை ஈரத்தில் அகலவாக்கில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. இப்படிப் பக்கம் பக்கமாகப் பலகை வைத்துக் கட்டும் படகு இந்த ஊதலை நம்பியே நிற்கிறது. காய்ந்த இடுக்கில் எபாக்ஸியை ஊற்றிக் கெட்டியாக்கிவிட்டால், தண்ணீரில் இறங்கியதும் ஊதும் பலகைக்குப் போக இடமில்லை. பலகை நசுங்கும், அல்லது திருகுகளை இழுத்துக்கொண்டு வங்கைவிட்டு விலகும், அல்லது வங்கையே முறிக்கும். மேலே ஒட்டிய துணி வெளித் தண்ணீரைத் தடுத்தாலும் உள்ளே சொட்டும் மழைநீரைத் தடுக்காது. அந்த ஈரம் போர்வைக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கி, மரம் கண்ணுக்குத் தெரியாமல் உக்கும்.

மரப்படகைக் கொல்வது கடல் நீர் அல்ல, மழைநீர். மரத்தை உக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பில் வளர்ச்சி குறைவு. அதனால் சோதனையை மேலிருந்து தொடங்குங்கள்: மேல்தளத்தின் ஓரம், பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் பட்டைகள் தளத்தைத் துளைக்கும் இடம், பாய்மரத்தின் பாதம், அமரத்தின் (படகின் பின்புறத்தின்) மூலைகள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கெட்டி மரம் 'டங்' என்னும், உக்கியது 'பொத்' என்னும். சந்தேகப்பட்ட இடத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, மெல்லிய கூர்முனையால் குத்திப் பாருங்கள். பளபளக்கும் வார்னிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே, படகின் வயிறு வளையும் இடத்தில் வங்குகளைக் கையால் தடவிப் பாருங்கள். நீராவியில் வளைத்த வங்குகள் முறிவது பெரும்பாலும் அங்கேதான். ஒன்றிரண்டு முறிந்திருந்தால் பக்கத்தில் துணை வங்கு வைக்கலாம். வரிசையாகப் பத்து முறிந்திருந்தால் விலையைப் பேசாமல் திரும்பி விடுங்கள்.

அடுத்தது ஏரா போல்ட்டுகள். தலையும் நட்டும் புதிதுபோல் இருக்கும். நடுவில், மரமும் இரும்பும் சேரும் கோட்டில், துரு தின்று இடுப்பு மெலிந்திருக்கும். வெளியிலிருந்து தெரியாது. குறைந்தது இரண்டை உருவிப் பார்க்க வேண்டும், ஒன்று ஈரம் தேங்கும் தாழ்வான இடத்திலிருந்து. அதில் இடுப்பு மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுவதே சரி. துருப்பிடிக்காதது என்ற நம்பிக்கையில் ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள்: ஈர மரத்துக்குள் காற்று இல்லாத இடத்தில் அது குழிகுழியாக அரிக்கப்படும். இரும்புப் பாரத்துக்கு வெண்கலப் போல்ட்டும் கூடாது, கடல் நீரில் இரண்டும் தொட்டால் இரும்பு கரையும். கால்வனைஸ் செய்த இரும்பே பழைய வழக்கம். வெண்கலப் போல்ட் ஈயப் பாரத்துக்குத்தான்.

தண்ணீருக்குக் கீழே உள்ள வால்வுகளையும் திருகுகளையும் கத்தியால் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது துத்தநாகம் கரைந்துபோன பித்தளை, ஒரு தட்டில் உடையும்.

உலோகம் அரிக்காமல் காக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளை அள்ளி ஒட்டுவதும் ஆபத்து. அவை காக்கும் உலோகத்தைச் சுற்றி காரம் (அல்கலி) ஊறுகிறது. காரம் மரத்தைத் தின்கிறது. வால்வைச் சுற்றி வெள்ளைப் பொடியும் நார்நாராகப் பிரிந்த மரமும் இருந்தால் காரணம் இதுதான். நல்ல வெண்கல வால்வுகளைக் மின்கம்பியால் ஒன்றோடொன்று இணைக்காமல் தனியாக விடுங்கள்.

இனி கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைப்பது. காய்ந்திருக்கும்போது இடுக்கைப் பஞ்சால் நிறைத்து அடிப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. எபாக்ஸி செய்யும் அதே சேதத்தைப் பஞ்சும் செய்யும். முதலில் படகின் உள்ளேயும் வெளியேயும் ஈரச் சாக்குகளைப் போர்த்தி, உப்புநீர் தெளித்து ஓரிரு வாரம் ஊறவிடுங்கள். இடுக்குகள் சுருங்கிய பிறகும் பழைய பஞ்சு உதிரும் இடத்தை மட்டும் கொக்கியால் கிளறி எடுங்கள். இடுக்கின் வாய் அகலமாகவும் அடி ஒட்டியும் இருக்க வேண்டும். மின்ரம்பம் விட்டால் அந்த வடிவம் போய்விடும். உள்ளே மெல்லிய பிரைமர் பூசி, பஞ்சு இழையைச் சிறு மடிப்புகளாக வைத்து, கலப்பத்து உளியாலும் கொட்டாப்புளியாலும் (மரச்சுத்தியாலும்) பாதி ஆழம் வரை அழுத்தவும். இறுக்கமாக, ஆனால் கல்லாக வேண்டாம். மறுபடி பிரைமர், அதன்மேல் இளக்கமாகவே இருக்கும் மக்கு (புட்டி). மக்கு பலகை மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக நிற்கட்டும், பலகை ஊதும்போது அது பிதுங்கி மேலே வரும்.

பாய், கயிறு, வார்னிஷ் எல்லாம் பிறகு. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயது தெரியாவிட்டால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

இறக்கும் நாளில், படகு தண்ணீரில் இருந்தாலும், கிரேனின் பட்டைகளிலேயே முதல் இரவு தொங்கட்டும். இரண்டு பம்புகள் தயாராக இருக்கட்டும், ஒன்று கையால் அடிப்பது. மணிக்கு எத்தனை தடவை பம்பை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் எண் குறைந்துகொண்டே வந்தால் ஊதல் நடக்கிறது. நான்காம் நாளும் குறையவில்லை என்றால் ஒழுகுவது இடுக்கு அல்ல. தளர்ந்த திருகோ, ஏராவை ஒட்டிய முதல் பலகையோ. மேலும் பஞ்சு அடிக்காமல் படகை மேலே தூக்குங்கள்.