35 அங்குல டயருக்கு லாரி ஆக்ஸில் தேவையா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2001-ஆம் ஆண்டு ஜீப் ராங்லர் இருக்கிறது. 4.0 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். 35 அங்குல டயர் போட்டு யூட்டாவின் மோவாபில் பாறை ஏறும்போது பின் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. "ஒரு டன் பிக்கப்பின் (கனரக வகை பிக்கப் டிரக்கின்) ஆக்ஸில்களை முன்னும் பின்னும் போட்டுவிடு, அப்புறம் கவலையே இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? – வாசகர், டென்வர்

பதில்: ஷாஃப்ட் ஏன் முறிந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் வண்டியின் பின்னால் இருக்கும் டேனா 35, தொழிற்சாலையிலிருந்து வரும் 28 முதல் 30 அங்குல டயருக்கென்று அளவெடுத்துச் செய்த ஆக்ஸில். அதன் கிரவுன் வீல், அதாவது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், 7.6 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஷாஃப்ட் முனையில் 27 ஸ்பிளைன், அதாவது பல் போன்ற வரிகள். அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்யும். ஆனால் டயரின் ஆரம் கூடக்கூட, அதே பாறையில் அதே வண்டியை ஏற்றுவதற்கு ஷாஃப்ட் தர வேண்டிய முறுக்குவிசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதற்கு மேல், இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிய சக்கரம் சட்டென்று பிடி கொள்ளும்போது விழும் அடி இருக்கிறதே, பெரும்பாலான ஷாஃப்ட்டுகளை முறிப்பது அதுதான்.

ஷாஃப்ட்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 1.2 அங்குல ஷாஃப்ட்டுக்குப் பதிலாக 1.5 அங்குல ஷாஃப்ட்டைப் போட்டால் கண்ணுக்குக் கால் பங்கு கூடியதாகத்தான் தெரியும்; வலிமையோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். லாரி ஆக்ஸிலின் கவர்ச்சிக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. உங்கள் டேனா 35-இல் வண்டியின் எடையைத் தாங்குவதும் சக்கரத்தைச் சுழற்றுவதும் ஒரே ஷாஃப்ட்தான்; உள்முனையில் ஒரு சிறிய சி-கிளிப்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே நழுவிவரக்கூடும். 'ஃபுல் ஃபுளோட்டிங்' எனப்படும் கனரக ஆக்ஸிலில் எடையைத் தாங்குவது ஹப்பும் அதனுள் இருக்கும் இரண்டு பேரிங்குகளும். ஷாஃப்ட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. அது முறிந்தால் துண்டுகளை உருவி எடுத்துவிட்டு, முன் சக்கரங்களின் இழுவையிலேயே வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு மலையிறங்கலாம். உதவிக்கு ஆள் கிடைக்காத பாதையில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், 35 அங்குல டயரோடு நிற்பதென்று நீங்கள் முடிவு செய்திருந்தால் ஒரு டன் ஆக்ஸில் வேண்டாம் என்றே சொல்வேன். ஜிஎம் நிறுவனத்தின் '14 போல்ட்' பின் ஆக்ஸில் (டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டுகளை வைத்து வந்த பெயர்), டிரம் பிரேக்கோடு சேர்த்தால் ஏறத்தாழ 250 கிலோ எடை. உங்கள் வண்டியின் மொத்த எடையே சுமார் 1,500 கிலோதான். இந்தக் கூடுதல் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதால் ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் அடிக்கும். அதன் டிஃபரன்ஷியல் வயிறும் பெரிது, 10.5 அங்குல கிரவுன் வீல் உள்ளே இருக்கிறது. 35 அங்குல டயரில் அந்த வயிறு பாறையில் உரசிக்கொண்டே வரும். உங்களுக்குப் பொருத்தமானது 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் ஆக்ஸில். 31 ஸ்பிளைன், டிஸ்க் பிரேக், உங்கள் சக்கரத்துக்கே பொருந்தும் 5 போல்ட் அமைப்பு, ஏறத்தாழ அதே அகலம். அதிலும் சி-கிளிப் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அதை நீக்கும் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. குழாய்களை நடு ஹவுசிங்கோடு வெல்டிங் செய்துகொள்ளவும் மறக்காதீர்கள்.

37 அங்குலத்தைத் தாண்டி 40-க்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும், இடையில் வேறு எதிலும் பணத்தைக் கொட்டாமல் நேராக ஒரு டன்னுக்கே போங்கள். அப்போது கியர் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியின் முதல் கியர் விகிதம் 4.01, டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன்னும் பின்னும் பகிரும் பெட்டியின்) லோ 2.72, ஆக்ஸில் 3.07 என்றால் மூன்றையும் பெருக்கக் கிடைப்பது சுமார் 33. ஆக்ஸிலில் 5.13 பல்சக்கரம் போட்டால் அது 56 ஆகும். ஆனால் 40 அங்குல டயரில் அந்த 56, பழைய 30 அங்குல டயரின் கணக்குப்படி 42-க்குத்தான் சமம். பல்சக்கரத்தை மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்குபவர்கள் கிளட்ச்சை எரிப்பது இதனால்தான்.

கேள்வி: என் ராங்லருக்கு 40 அங்குல டயர் போட இருக்கிறேன். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் 1980-களின் செவ்ரோலே கே30 டிரக்கின் டேனா 60 முன் ஆக்ஸில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், சாக்ரமெண்டோ

பதில்: வாங்காதீர்கள். ஆக்ஸில் நல்லதுதான், ஆனால் அதன் டிஃபரன்ஷியல் பயணியின் பக்கம் இருக்கிறது. ராங்லரின் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படுவதோ ஓட்டுநர் பக்கம். இரண்டையும் சேர்க்க டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டியிருக்கும். மலிவாக வாங்கியதன் லாபம் அங்கேயே கரைந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது 1985 முதல் 1991 வரையிலான ஃபோர்டு எஃப்-350 டிரக்கின் டேனா 60. அதன் டிஃபரன்ஷியல் ஓட்டுநர் பக்கம் இருப்பதோடு, பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) ஆக்ஸிலின் நடுக்கோட்டுக்கு மேலே அமைந்தது. அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பாறைக்கு எட்டாத உயரத்தில் ஓடும். முன்பக்கத்தில் பற்களின் வலுவான முகமே இழுக்கும் என்பது கூடுதல் நன்மை.

ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் புதிய டேனா 60-உம் நல்ல தேர்வே. ஆனால் அதில் சக்கரத்தைப் பொருத்தும் 8 போல்ட்டின் வட்டம் 170 மில்லிமீட்டர். பின்னால் ஜிஎம் '14 போல்ட்' ஆக்ஸில் போடுவதாக இருந்தால், அதன் சக்கர போல்ட் வட்டமோ 6.5 அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் முன்சக்கரம் பின்னால் ஏறாது. ஒரே ஒரு ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

டேனா 60, 14 போல்ட் இரண்டுமே உங்கள் பழைய ஆக்ஸில்களைவிடப் பல அங்குலம் அகலமானவை. டயர் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஃபெண்டர் பற்றிய உங்கள் மாநில விதியை முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்ஸில் மாற்றி முடித்துவிட்டேன். 50 மைல் வேகத்தில் ஸ்டியரிங் அலைபாய்கிறது. பிரேக் மிதியும் ஆழமாகப் போகிறது. எங்கே தவறியிருப்பேன்? – வாசகர், பீனிக்ஸ்

பதில்: ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டிங் செய்யும்போது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தைச் சரியாக்க பினியனை மேல்நோக்கித் திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித் திருப்பினால் ஹவுசிங்கோடு சேர்ந்து முனைகளும் திரும்பி, காஸ்டர் கோணம் குறைந்துவிடும்; ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். 5 முதல் 7 பாகை வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால், குழாயின் முனையிலுள்ள சி வடிவப் பிடியை வெட்டித் திருப்பி மீண்டும் வெல்டிங் செய்வதே முறையான தீர்வு. ஏதேனும் ஒரு பிடிமானத்தை வார்ப்பிரும்பு நடுப்பகுதியின்மேல் வெல்டிங் செய்திருந்தால் அதையும் பரிசோதியுங்கள். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடால் ஒட்டி, மெல்ல ஆறவிட வேண்டும்; அவசரப்பட்டால் பக்கத்திலேயே விரிசல் விடும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, லாரி காலிப்பரின் பெரிய பிஸ்டனை நகர்த்த அதிக எண்ணெய் வேண்டும். உங்கள் பழைய மாஸ்டர் சிலிண்டர் அந்த அளவைத் தள்ள முடியாமல் மிதி ஆழமாகப் போகிறது. முதலில் காற்று முழுவதும் வெளியேறிவிட்டதா என்று பாருங்கள். வெளியேறியும் மிதி தாழ்ந்தே இருந்தால், பெரிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் போடுங்கள். பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டிருந்தால் ஹேண்ட் பிரேக் இன்னும் வேலை செய்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். பலர் அதை இழந்துவிட்டு மேட்டில் நிறுத்தும்போதுதான் கவனிக்கிறார்கள். இவை சரியாகும்வரை வண்டியை நெடுஞ்சாலையில் எடுக்க வேண்டாம்.