உறிஞ்சும் பொடியும் உங்கள் மகளும்

பள்ளி இறுதித் தேர்வை முடித்த மகளுக்காக ஒரு தாய் எழுதியிருக்கிறார். வீட்டில் மூன்று வாரமாகச் சண்டையாம். 'கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையென்றால் எதைப் படித்தும் பிரயோசனமில்லை' என்று பெரியப்பா பிடிவாதமாக நிற்கிறார். அந்த சீட்டுக்காக வீட்டை அடகு வைக்க அப்பாவும் தயார். மகள் விஷயம் வேறு. கெமிஸ்ட்ரி லேப் என்றால்தான் அவள் முகம் மலரும். டைட்ரேஷனில், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், அளவு ஒத்துவரும்வரை எழுந்து வரமாட்டாள். போன மாதம் குட்டித் தம்பியின் டயப்பர் ஒன்றைக் கிழித்து, உள்ளே இருந்த பொடியைத் தண்ணீரில் போட்டு, அது எவ்வளவு வீங்குகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். 'கெமிக்கல் படித்தால் வேலை உண்டா? பெண்பிள்ளைக்கு ஆபத்தில்லையா? அவளுக்குப் புரியும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது பெரியவர்களிடம்தான்.

முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள். பிள்ளைக்கு நாட்டமில்லாத படிப்புக்குக் குடியிருக்கும் வீட்டை அடகு வைப்பது கடன்கூட இல்லை, சூதாட்டம். கல்விக்கடன் வாங்கத்தான் வேண்டுமென்றால், மாதத் தவணை அவளுடைய முதல் வேலையின் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. கல்லூரி விளம்பரத்தில் போடுகிற உச்சச் சம்பளத்தை இதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்தத் துறையில் சாதாரண மாணவிக்குக் கிடைக்கும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். கணக்கு இடித்தால் அந்த சீட்டு உங்களுக்கானதில்லை. பெரியப்பாவுக்கு வருத்தம் வரும். தவணை கட்டப்போவது அவர் இல்லையே.

கணினி, மருத்துவம், கணக்குத் தணிக்கை பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆள் நிறைய. அவள் கிழித்த டயப்பருக்குள் இருக்கும் பொடியைப் பற்றிப் பேசுவோம்.

அந்தப் பொடி சோடியம் பாலிஅக்ரிலேட். பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை இடையிடையே முடிச்சுப் போட்டு வலையாக்கியது. முடிச்சு இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்து வழவழப்பான கூழாகிவிடும். முடிச்சு அதிகமானால் விரியவே விரியாது. டயப்பர்த் தரப் பொடி ஒரு கிராம், காய்ச்சி வடித்த தண்ணீரில் முந்நூறு கிராம் அளவுக்குக்கூட உறிஞ்சும். அதே ஒரு கிராமை 0.9 சதவீத உப்புநீரில் போட்டால் ஐம்பது, அறுபது கிராமோடு நின்றுவிடும். வலைக்குள் இருக்கும் சோடியம் அயனிகள்தான் வெளியே உள்ள தண்ணீரை இழுக்கின்றன. வெளியேயும் உப்பு இருந்தால் அந்த இழுவை குறைந்துவிடுகிறது. கடின நீரில் நிலைமை இன்னும் மோசம். கால்சியம் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக் கூடுதல் முடிச்சுப் போட்டுவிடும். உங்கள் மகள் நோட்டில் குழாய்த் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் வேறு வேறு எண் இருந்தால், அவள் தப்பாக அளக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இந்தப் பொடி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அதில் என்ன வேலை இருக்கிறது என்று விளங்கும். புரொப்பிலீன் வாயுவை இரண்டு கட்டமாக ஆக்சிஜனேற்றி அக்ரிலிக் அமிலம் எடுக்கிறார்கள். அதைக் காஸ்டிக் சோடாவால் முழுக்க நடுநிலையாக்குவதில்லை, சுமார் 65 முதல் 75 சதவீதம் மட்டும். இந்தக் கட்டத்தில் எழும் சூட்டைக் குளிர்வித்து எடுக்காவிட்டால் தொட்டியிலேயே கட்டி தட்டத் தொடங்கும். பிறகு மூலப்பொருள் 30 முதல் 40 சதவீதம் இருக்கும்படி தண்ணீரில் வைத்து, முடிச்சுப் போடும் கிராஸ்லிங்கரை மிகச் சொற்பமாகச் சேர்த்து, நைட்ரஜனை ஊதிக் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விரட்டி, சங்கிலி கோப்பதைத் தொடங்கிவைக்கும் பெர்சல்ஃபேட் போன்ற துவக்கியை விடுகிறார்கள். ஒரு மோல் அமிலத்துக்கு ஏறக்குறைய 77 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். குளிரக் குளிரத் தொடங்கிய கரைசல் சில நிமிடங்களில் கொதிநிலையை நெருங்கிவிடும். பெல்ட்டிலோ பிசையும் ரியாக்டரிலோ (வினை நடக்கும் கலன்) ரப்பர் மாதிரி ஜெல் திரண்டு வரும். அதை அரைத்து, 150 முதல் 200 டிகிரியில் உலர்த்தி, உருளை மில்லில் பொடித்து, சுமார் 150 முதல் 850 மைக்ரான் வரைக்குள் சலிக்கிறார்கள்.

இத்தோடு முடியவில்லை. இந்தப் பொடியை அப்படியே டயப்பரில் போட்டால் மேலே உள்ள மணிகள் முதலில் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீர் கீழே இறங்காமல் அடைத்துக்கொள்ளும். ஜெல் பிளாக்கிங் என்பார்கள். அதனால் ஒவ்வொரு மணியின் மேல்தோலை மட்டும் இன்னொரு முறை முடிச்சுப் போட்டு இறுக்குகிறார்கள். உள்ளே மெத்தென்று, வெளியே விறைப்பாக. உறிஞ்சும் அளவு கொஞ்சம் குறையும், ஆனால் குழந்தை உட்கார்ந்து அழுத்தினாலும் பிடித்த தண்ணீர் வெளியே வராது. எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற இழுபறியில்தான் இத்துறையின் பாதி மூளை செலவாகிறது.

அதை அளப்பதற்கென்றே தனிச் சோதனைகள் உண்டு. 0.2 கிராம் பொடியை டீபேக் போன்ற பையில் வைத்து 0.9 சதவீத உப்புநீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, புவியீர்ப்பைப் போல் 250 மடங்கு விசையில் மூன்று நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி எடை போடுகிறார்கள். கிராமுக்கு முப்பது கிராம் சுமாராகத் தேறினால் நல்ல சரக்கு. இன்னொரு சோதனையில் 0.9 கிராம் பொடியின் மேல் எடையை வைத்து அழுத்தியபடியே ஒரு மணி நேரம் உறிஞ்ச விடுகிறார்கள். மூன்றாவதில் முடிச்சில் சிக்காமல் கரைந்து வெளியேறும் பங்கை அறிய 16 மணி நேரம் கலக்குகிறார்கள். மிச்சமிருக்கும் அமிலத்தைப் பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, பார்க்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூல அமிலம் பல நாள் தேங்கிக் கிடந்தால் இரண்டு மூலக்கூறு சேர்ந்து டைமர் ஆகிவிடும். அது சங்கிலிக்குள் புகுந்து, பிறகு உலர்த்தும் சூட்டில் உடைந்து மீண்டும் அமிலத்தைக் கக்கும். ரியாக்டரில் எல்லாம் சரியாக இருந்தும் கடைசிப் பொடியில் அமிலம் கூடுகிறதே என்று குழம்புகிறவர்கள் கிடங்குப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். டைட்ரேஷனை மூன்று தடவை செய்கிற பெண்ணுக்கு இந்தத் துப்பறிதல் பிடிக்குமா பிடிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். அக்ரிலிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். அதைவிட, தொட்டியில் தானாகப் பாலிமராகத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். அதைத் தடுக்கச் சேர்க்கும் மருந்து, அமிலத்தில் ஆக்சிஜன் கரைந்திருந்தால்தான் வேலை செய்யும். ரியாக்டரில் எதிரியான ஆக்சிஜன் கிடங்கில் காவல்காரன். 'பாதுகாப்புக்காக' கிடங்குத் தொட்டிக்கு நைட்ரஜன் ஊதினால் காவலை நாமே விலக்கியதாகும். சுமார் 13 டிகிரியில் அமிலம் உறைந்துவிடும். உறைந்த டிரம்மில் நேராக நீராவி பாய்ச்சினால் தடுப்பு மருந்து இல்லாத பகுதி முதலில் உருகிச் சூடாகும். இளஞ்சூட்டில், கலக்கிக்கொண்டே, பொறுமையாகத்தான் உருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் ஜப்பானின் ஹிமேஜியில் ஒரு அக்ரிலிக் அமிலத் தொட்டி வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார், முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். தொட்டியின் மேல்பகுதியில் திரவம் சுழலாமல் தேங்கிச் சூடேறியிருந்தது. இந்த ஆபத்துக்கு ஆண், பெண் தெரியாது. கவனக்குறைவுதான் அதற்குத் தெரியும். எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஆள் அந்தக் கண்ட்ரோல் ரூமில் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

பொடி தயாரிக்கும் பெரிய ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான் என்று யாராவது சொல்வார்கள். உண்மை. ஆனால் பொடியைப் பயன்படுத்தும் இடங்களுக்குக் கணக்கே இல்லை. நிலத்தடிக் கேபிளில் ஈரம் ஓடாமல் தடுக்கும் டேப்பில் இதே பொடி இருக்கிறது. இதன் உறவுக்காரர்களான நீரில் கரையும் பாலிமர்களைச் சேர்த்தால் பட்டியல் நீளும். நூலுக்குக் கஞ்சி போடும் பாலிவினைல் ஆல்கஹால், டைல் ஒட்டும் பசையிலும் மாத்திரையிலும் இருக்கும் செல்லுலோஸ் ஈதர்கள், பற்பசையைக் குழையாமல் நிறுத்தும் சிஎம்சி (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்), கான்கிரீட்டைத் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் கலவைகள், கழிவுநீரைத் தெளியவைக்கும் பாலிஅக்ரிலமைடு.

நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர நினைப்பது இந்தக் கடைசிப் பொருளைச் சுற்றியுள்ள வேலை. அப்ளிகேஷன் இன்ஜினீயர் என்பார்கள். பொடியை வாங்கிய ஆலைக்குப் போய் அது ஏன் அங்கே வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் ஆள். சொந்தக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு காட்சியைப் பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் தெளியவில்லை. ஆபரேட்டர் பாலிஅக்ரிலமைடுப் பொடியைக் கூட்டுகிறார், இன்னும் கலங்குகிறது. அவர் மேலும் கூட்டுகிறார், சேறு வழுக்கிக்கொண்டு வடிதுணியை அடைக்கிறது. போய்ப் பார்த்தால் கலக்கும் தொட்டியில் மீன்கண் மாதிரிக் கட்டிகள். மூட்டையை அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். 500 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ, அதாவது 0.2 சதவீதம், சுழலின் ஓரத்தில் மெல்லத் தூவியிருக்க வேண்டும். வெளிப்புறம் மட்டும் நனைந்து தோல் கட்டிய கட்டி அப்புறம் எத்தனை மணி நேரம் கலக்கினாலும் கரையாது. அவசரத்துக்கு வேகமான கலக்கியைப் போட்டால் அது வேறு வினை. ஒரு கோடிக்கு மேல் மூலக்கூறு எடையுள்ள சங்கிலி அறுந்து துண்டாகிவிடும். நிதானமாகக் கலக்கி முக்கால் மணி, ஒரு மணி நேரம் விட வேண்டும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் கூடாது, ஸ்குரூ பம்ப்தான். தொட்டி துருப்பிடித்த இரும்பாக இருந்தால் இரும்பு அயனியும் சங்கிலியை வெட்டும். பிறகு ஜார் டெஸ்ட். ஆறு பீக்கரில் அதே கழிவுநீர், ஆறு வேறு அளவு மருந்து, ஒரு நிமிடம் வேகமாக, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, எந்த பீக்கரில் திரள் பெரிதாகக் கட்டிச் சட்டென்று இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நல்ல முடிவு நடுவில் உள்ள பீக்கரில் வரும். அளவு மீறினால் துகளின் மின்னேற்றம் தலைகீழாகி மறுபடி ஒன்றையொன்று தள்ளும்.

இந்த வேலையில் கசப்பும் உண்டு. தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கும். தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே. முதல் சில வருடம் ஷிப்ட். சிந்திய பாலிமரில் தண்ணீரை ஊற்றினால் தரை எண்ணெய்ப் பலகைபோல வழுக்கும், முதலில் உலர்வாகக் கூட்டி அள்ள வேண்டும். இந்த உறிஞ்சும் பொடி மண்ணில் எளிதில் மக்காது என்பது துறைமேல் இருக்கும் நியாயமான புகார். மக்கும் மாற்றையும் மறுசுழற்சியையும் கண்டுபிடிப்பது அவள் தலைமுறைக்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கும் வேலை.

படிப்புக்கு கெமிக்கல் இன்ஜினீயரிங், பாலிமர் டெக்னாலஜி, அல்லது வேதியியல் பட்டம் படித்து மேற்படிப்பில் பாலிமர், எதுவும் சரி. செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கட்டடத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள், லேபுக்குள் போங்கள். ஒரு லிட்டர் கண்ணாடி ரியாக்டர் இருக்கிறதா, திரவத்தின் பிசுபிசுப்பை அளக்கும் விஸ்காமீட்டர் தூசி படியாமல் இருக்கிறதா, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியை மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா, ஆலைப் பயிற்சி எத்தனை வாரம் என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். ரியாக்டருக்கு மேல் துணி போர்த்தி வைத்திருந்தால் கட்டணம் பாதியானாலும் சேர்க்க வேண்டாம்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக் கொடுங்கள். தாராளமான மெல்லிய துணிப்பைகளில் ஒரு கிராம் பொடி போட்டு, ஒன்றை வடித்த தண்ணீரிலும், ஒன்றை லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்புக் கரைத்த தண்ணீரிலும், ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் அரை மணி நேரம் ஊறவிட்டுத் தொங்கவிட்டு எடை போடச் சொல்லுங்கள். பொடி மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போடட்டும், மிஞ்சிய ஜெல்லை வடிகாலில் ஊற்றக் கூடாது. வெறும் பையையும் நனைத்து எடை போட்டுக் கழிக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். அது அவளுக்கே தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் நோட்டின் அந்தப் பக்கத்தைப் பெரியப்பாவிடம் காட்டுங்கள்.