ஜிப்சி பாடியை பொலேரோ சேசிஸில் ஏற்றலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

"ஐயா, எங்களிடம் 2011-ஆம் வருட மாருதி ஜிப்சி இருக்கிறது. சாஃப்ட் டாப், ஃபோர் வீல் டிரைவ். பரங்கிப்பேட்டை பக்கம் உள்ள எங்கள் இறால் பண்ணைக்குப் போய்வரத்தான் பெரும்பாலும் ஓடுகிறது. பாடி நன்றாக இருக்கிறது, எஞ்சினையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சேசிஸ் (எஞ்சினையும் பாடியையும் தாங்கும் அடிச்சட்டம்) பின்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு பழைய இரும்புக் கடையில், விபத்தில் அடிபட்ட மஹிந்திரா பொலேரோவின் சேசிஸ் டீசல் எஞ்சினோடு கிடைக்கிறது. ஜிப்சி பாடியை அதன்மேல் வைத்துவிட்டால் உறுதிக்கு உறுதியும் ஆச்சு, டீசலுக்கும் மாறிவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். வெளிநாட்டில் இப்படிச் செய்கிற வீடியோக்களும் பார்த்தேன். இந்த வருடம் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 வருடம் முடிகிறது. செய்யலாமா?"

செய்யாதீர்கள். உங்கள் ஜிப்சியின் சேசிஸையே சரிசெய்து இன்னும் பல வருடம் ஓட்டலாம். ஏன் என்பதை முதலில் இரும்பு பக்கமிருந்து சொல்கிறேன், அப்புறம் காகிதத்துக்கு வருகிறேன்.

ஜிப்சியின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 2375 மில்லிமீட்டர். பொலேரோவுக்கு 2680. வித்தியாசம் 305, அதாவது முழுதாக ஒரு அடி. பின் சக்கரத்தைப் பாடியின் வளைவுக்குள் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினால், முன் சக்கரம் மட்கார்டைத் தாண்டி பம்பர் பக்கம் போய்விடும். எனவே சேசிஸை நடுவில் அறுத்து ஒரு அடியை எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதிகம் வளைய முயல்வதும் அந்த நடுப்பகுதிதான். அங்கே குறுக்காகப் போட்ட வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பின் குணமே சூட்டில் மாறியிருக்கும். சில மாதம் தெரியாது. அப்புறம் பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு விழும், அதுதான் விரிசல்.

அகலமும் ஒத்துவராது. ஜிப்சி 1540 மி.மீ., பொலேரோ 1745. சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலும் அதற்கேற்ற அகலம்தான், ஆகவே இரண்டு பக்கமும் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உயரத்துக்கு வந்தால், ஜிப்சியின் பானெட் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்தது. 2.5 லிட்டர் டீசலை அதற்குள் அடைக்க எஞ்சின் மவுன்டிங், ரேடியேட்டர், சைலன்ஸர் பாதை எல்லாமே இடம் மாற வேண்டும். கியர் லீவர் வேறு இடத்தில் வந்து முளைக்கும். ஸ்டியரிங் கம்பி ஸ்டியரிங் பாக்ஸோடு நேர்கோட்டில் சேராது, நடுவில் ஜாயின்ட் போட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். லேத் பட்டறையில் கடைந்து ஒட்டிய ஸ்டியரிங் ஜாயின்ட்டை நம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் ஒரு கெட்டிக்கார மெக்கானிக் சமாளித்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். எடையை அவரால் சமாளிக்க முடியாது. ஜிப்சி மொத்தமே சுமார் 1000 கிலோ. பொலேரோ 1600-ஐத் தாண்டும். அந்த எடைக்காக அடுக்கிய பின் பட்டைகள் (ஸ்பிரிங் பட்டைகள்) உங்கள் லேசான பாடிக்கு மடங்கவே மடங்காது, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் எகிறும். பிரேக்கும் அப்படியே. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று கம்பெனி பிரித்துவைத்தது அந்த எடையைக் கணக்கிட்டு. பின்னால் பாரம் குறைந்தால், மழை ரோட்டில் அழுத்தியதும் பின் சக்கரம் பூட்டி வண்டி வால் திருப்பும்.

உங்கள் மெக்கானிக் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. சாலையில் ஓடும் பொலேரோக்களில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவை மட்டும் உள்ளவை. ஃபோர் வீல் டிரைவ் பொலேரோவும் வந்தது, ஆனால் இரும்புக் கடையில் தற்செயலாகக் கிடைக்கிற சேசிஸ் அதுவாக இருப்பது அபூர்வம். முன் கிரவுன் (முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) இருக்கிறதா, டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டி) இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். இல்லையென்றால் இறால் குட்டைக் கரையின் சேற்றில் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரே வசதியைக் காசு கொடுத்து இழக்கிறீர்கள். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் ஓடும். அதைக் கழற்றி பொலேரோவில் மாட்டலாம் என்று யாராவது சொன்னால், முன் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். பொலேரோவுக்கு முன்னால் ஆக்ஸில் ஒரே தண்டாக இல்லை, இரண்டு சக்கரமும் தனித்தனியாக இயங்கும் அமைப்பு. மாற்றி முடித்தால் அது ஜிப்சியும் இல்லை, பொலேரோவும் இல்லை, உதிரிபாகம் கேட்டு எந்தக் கடைக்குப் போவது என்று தெரியாத ஒரு வண்டி.

சரி, காகிதம். சட்டத்தின் கண்ணில் உங்கள் வண்டி என்பது சேசிஸில் அடித்திருக்கும் நம்பர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தில் 182ஏ என்ற பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை அனுமதியோடு மாற்றுவதற்கு வழி இருக்கிறது. எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாறவும் அங்கீகரிக்கப்பட்ட கிட்டோடு வழி இருக்கிறது. வேறு கம்பெனியின் சேசிஸோடு டீசல் எஞ்சினையும் கொண்டுவந்து வைப்பதற்கு வழி இல்லை.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். டி.என். 31 ஜிப்சி ஆர்.சி.யை வைத்து பொலேரோ சேசிஸை ஓட்டினால், வண்டியில் இருக்கிற நம்பரும் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் வேறு. திருட்டு வண்டிக்கும் இதற்கும் சோதனைச் சாவடியில் வித்தியாசம் தெரியாது. பொலேரோவின் பி.ஒய். 01 ஆர்.சி.யை வைத்து ஓட்டினாலோ பாடி, அளவு, இருக்கை எதுவும் புத்தகத்தோடு சேராது. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுச் சேதம் என்று எழுதிய வண்டி என்றால் அந்த ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. மூன்றாவதாக ஒரு யோசனையும் காதில் விழும்: ஜிப்சியின் நம்பர் உள்ள இடத்தை மட்டும் வெட்டி பொலேரோவில் ஒட்டிவிடலாம் என்று. அது மாற்றம் இல்லை, மோசடி. அப்படிச் சொல்கிற பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

கரூரில் சேசிஸ் மேல் பஸ் பாடி கட்டுகிறார்களே, நாமக்கல்லில் லாரிக்குக் கட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அந்தச் சேசிஸை கம்பெனி வெறும் சேசிஸாகவே விற்கிறது, மேலே எப்படிப்பட்ட பாடி வரலாம் என்பதற்கு பஸ் பாடி விதிகள் தனியாக இருக்கின்றன. பாடி ஏறிய பிறகுதான் பதிவே நடக்கும். நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்களுடையதாக இருக்கும். பழைய ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி சேசிஸைக் குறுக்கி டிஃபெண்டர் பாடியை வைப்பார்கள். மூன்றும் லேண்ட் ரோவர் என்ற ஒரே கம்பெனி, ஒரே குடும்பம். அங்கே இப்படிப்பட்ட வண்டிகளைப் பதிவு செய்ய விதிமுறையும் உண்டு. பட்டறைகளில் ஜீப் கட்டி விற்கிற ஹரியானாவின் டப்வாலி ஊர் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரே பதில்தான்: பணம் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் சேசிஸ். இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் வேலை இங்கேதான் இருக்கிறது.

ஜிப்சியின் சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம். இறால் பண்ணைச் சேறு உப்பு கலந்தது. அது சிறு துளைகள் வழியாக உள்ளே போய், வெளியே வரத் தெரியாமல் அங்கேயே படிந்துவிடும். மேலே வாட்டர் சர்வீஸ் செய்து பளபளப்பாக நிற்கிற வண்டியின் சேசிஸுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிளறினால், வாரக்கணக்கில் காயாத கறுப்புச் சேறு வரும். ஆக, துரு தின்பது உள்ளிருந்து. வெளியே ஓட்டை தெரிகிற இடத்தைச் சுற்றி ஒரு சாண் தூரமாவது மெலிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின் பட்டை மாட்டுகிற இடம், பின் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் கைகள், இவைதான் முதலில் போகும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். மெலிந்த இடத்தில் சத்தம் செத்துப்போகும், உள்ளே துருச் செதில் உதிர்கிற சரசரப்பும் கேட்கும். அந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். குறி பின் பாதியோடு நின்றால் ஒட்டலாம். ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டுகிற இடத்திலோ எஞ்சின் மவுன்டிங் இடத்திலோ மெலிவு இருந்தால் ஒட்டு வேலையே வேண்டாம். அப்போது அதே மாடல் ஜிப்சியின் சேசிஸைத் தேட வேண்டும். ராணுவம் ஏலம் விட்ட ஜிப்சிகளிலிருந்து வந்த சேசிஸ்கள் சந்தையில் இருக்கின்றன. ஆனால் நம்பர் மாறுவதால், வாங்கும் முன்பே கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஏல ரசீது இல்லாத சேசிஸைத் தொடாதீர்கள்.

ஒட்டு வேலைக்குப் பாடியை இறக்கியே ஆக வேண்டும். கீழே படுத்துக்கொண்டு எட்டிய வரை வெல்டிங் வைப்பது பாதி வேலை. பாடி போல்ட்டுகள் இறுகியிருக்கும், முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சாஃப்ட் டாப் என்பதால் கதவு வாசல்களில் குறுக்கே கம்பி கொடுத்துக் கட்டிவிட்டுத் தூக்குங்கள், இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து அப்புறம் கதவு சேராது. பெட்ரோல் டேங்க் பின்னால்தான் இருக்கிறது, நீங்கள் வெல்டிங் வைக்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில். அதைக் கழற்றி பட்டறைக்கு வெளியே வைக்காமல் யாரும் ஒரு பொறிகூடப் போடக்கூடாது. பேட்டரியையும் எஞ்சின் கம்ப்யூட்டரின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.

அறுக்கும் முன் அளவெடுங்கள். சேசிஸின் நான்கு மூலை போல்ட் துளைகளை வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்து, சேசிஸ் மேலேயே எழுதி வையுங்கள். பட்டை கொக்கிகளின் தூரத்தையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். வெல்டிங் முடிந்ததும் அதே எண்கள் திரும்ப வர வேண்டும். பின் ஆக்ஸில் சில மில்லிமீட்டர் கோணினாலும் வண்டி ஒருபக்கமாகவே இழுக்கும், டயர் தேயும்.

கிரைண்டர் வைத்தால் வெள்ளையாகப் பளிச்சிடுகிற இரும்பு வரும் வரை வெட்டுங்கள். துருவின் மேல் தகடு போர்த்தி ஒட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள், கேட்டால் "இன்னும் ஸ்ட்ராங்" என்பார்கள். தகடு பழைய சட்டத்தின் தடிமனே இருக்கட்டும். தடித்த தகடு போட்டால், தடிப்பும் மெலிவும் சேர்கிற விளிம்பில் விரிசல் விடும். தகட்டின் ஓரத்தைச் சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாக விடாமல், டைமண்ட் மாதிரி சாய்வாக வெட்டிக் கூர்மையை மழுக்கச் சொல்லுங்கள். சாதாரண ஆர்க் வெல்டிங்கைவிட சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டுச் செய்யும்) வெல்டிங் நல்லது. ஒரே இழுப்பாக இழுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சமாக ஆறவிட்டு வைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளாது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி பட்டறைகளில் சேசிஸ் வேலை பழகிய கைகள் இருக்கின்றன; கார் டிங்கரிங் கடையைவிட அங்கே கேளுங்கள்.

நம்பர் அடித்த இடத்துக்கு அருகில் கிரைண்டரே போகக் கூடாது. ஆர்.சி. புதுப்பிக்கும்போது அந்த நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கிற அச்சு தெளிவாக விழ வேண்டும். லேசான துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்து கிரீஸ் தடவி வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, பட்டறை பில்லோடு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுங்கள். இருந்த வடிவத்திலேயே பழுது பார்ப்பது மாற்றம் ஆகாது.

பெயின்ட்டுக்கு முன் சேசிஸ் உள்ளே நல்ல தண்ணீரை அழுத்தத்தில் விட்டு, கீழே தெளிந்த நீர் வருகிற வரை அலசுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு வெளியே துத்தநாக பிரைமரும் எபாக்ஸி பெயின்ட்டும், உள்ளே நீளக் குழாய் வழியாக மெழுகுப் பூச்சும். வடிகால் துளைகள் திறந்தே இருக்கட்டும். தார் மாதிரி தடித்த அண்டர் கோட்டிங்கைப் பழைய துருவின் மேல் அப்பினால், துரு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இனிமேல் பண்ணையிலிருந்து வந்த அன்றே கீழ்ப்பக்கம் நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

டீசல் ஆசை இருந்தால், அதை ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியாகவே பழையதில் வாங்கித் தீர்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பதிவு வண்டி என்றால் தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் கடலூரில் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம், கிடைப்பது ஐந்து வருடம். பாடியை இறக்கிச் செய்கிற வேலை வாரங்களை விழுங்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பிரைமர் சரியாகக் காயாது. தேதியைப் பார்த்து இப்போதே பட்டறையில் இடம் பிடியுங்கள். பொலேரோ சேசிஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதை இன்றே திரும்பக் கேளுங்கள்.