கல்யாண முருங்கைப் போத்து வாங்கலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் அராபிகா காப்பி இருக்கிறது. நிழல் மரங்கள் சில விழுந்துவிட்டன. அந்த இடங்களில் கல்யாண முருங்கை நட்டு மிளகும் ஏற்றலாம் என்று போத்துக்கு (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) விலை பேசியிருக்கிறேன். சில்வர் ஓக் கன்றைவிட மலிவு. ஆனால் இலையில் முடிச்சு நோய் வரும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எல்லா இடத்துக்கும் அதையே வாங்காதீர்கள். அது நோயல்ல, ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள குளவியின் வேலை. 2004-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் கேரளத்தில் தென்பட்டுவிட்டது. தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடும். புழு உள்ளேயே வளர்வதால் காம்பு வீங்கி, இலை சுருண்டு, கொழுந்து விரியாமல் நின்றுவிடும். சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை கிளம்பும். மேலே தெளிக்கும் மருந்து உள்ளிருக்கும் புழுவை எட்டாது. மரத்துக்குள் ஏற்றும் மருந்தை மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் நினைக்கவே வேண்டாம்.

மரம் போவதைவிட நிழல் போவதுதான் பெரிய நஷ்டம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் அராபிகாத் தண்டையே தேடிவந்து பட்டை வெடிப்பில் முட்டையிடும். ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் அது பறக்கும் காலம். புழு குடைந்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

சில்வர் ஓக்கையும் பலாவையும் கலந்து நடுங்கள். பலாவின் சொரசொரப்பான பட்டையில் மிளகு நன்றாகப் பிடிக்கும். சில்வர் ஓக்கில் கொடி ஏற்ற இரண்டு, மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். மலிவுப் போத்தின் கவர்ச்சியே இப்படிப் பொறுக்க வேண்டாம் என்பதுதான். பின்னால் வெட்டி விற்கும் எண்ணம் இருந்தால், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கன்று வாங்கும்போது ஒரு பையையாவது கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் அடியில் சுருண்டிருந்தால் அந்த வரிசையையே விடுங்கள். வளர்ந்தபின் காற்றுக்குச் சாயும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, ஜூன் மழையோடு நடுங்கள்.

நாலைந்து போத்து வேண்டியே தீரும் என்றால், தாய்மரத்தை நேரில் பாருங்கள். காம்பில் வீக்கம் ஒன்று கண்டாலும் வேண்டாம். துளிர் விட்ட போத்தையும் தவிருங்கள், குளவி அந்தத் துளிரில்தான் பயணம் செய்யும். மிளகை மரத்துக்கு வடக்கே ஓரடி தள்ளி வையுங்கள்.