பிளக் வயர் மாற்றுவது: இந்த மாதம் வந்த கேள்விகள்

மழை பிடித்தாலே பிளக் வயர் கேள்விகள் குவிந்துவிடும். எஞ்சினில் காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்தான் இது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்வதால் வருஷத்துக்கு இரண்டு தடவை இதே கதைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

எத்தனை எம்எம் வயர் வாங்க வேண்டும்? (தக்கலை)

7 எம்எம், நடுவில் பல இழைச் செம்பு.

கார் கடையில் கார்பன் வயர் தந்தார்கள். வில்லியர்ஸ் பம்ப் எஞ்சினுக்குப் போடலாமா? (திருவட்டாறு)

வேண்டாம். பழைய காயிலுக்குள்ளும், பிளக்கின் தலையில் மாட்டும் கேப்புக்குள்ளும் ஸ்குரூ மாதிரி ஒரு முள் இருக்கும், அது செம்பு இழைகளுக்குள் திருகி ஏறிப் பிடிக்கும். கார்பன் வயரின் நடுவில் இருப்பது கரி ஏற்றிய நூல். முள் ஏறினால் நூல் சிதைந்து உள்ளேயே பொறி அடித்துக் கொஞ்ச நாளில் கருகிவிடும். ரேடியோவில் இரைச்சல் வருகிறது என்றால் செம்பு வயரே போட்டு, 5 கிலோ ஓம் தடை உள்ள கேப் மாட்டுங்கள்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. வயர் போய்விட்டதா?

எந்த எஞ்சின், எந்த ஊர், ஸ்பார்க் வருகிறதா இல்லையா, ஒன்றுமே எழுதவில்லை. நான் எதை வைத்துச் சொல்வது? பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அவசரத்துக்கு வீட்டு வயரிங் வயரைப் போட்டு டேப் சுற்றினால் என்ன? ஸ்பார்க் நன்றாகத்தானே வருகிறது? (குளச்சல், வள்ளத்து எஞ்சின்)

இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கடலுக்குப் போகிறவர்களே இதைக் கேட்கிறார்கள். வீட்டு வயரின் மேலேயே 1100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், எடுத்துப் படியுங்கள். காந்தம் சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் மேக்னட்டோவின் காயில் பிளக்குக்கு அனுப்புவது பத்துப் பதினைந்தாயிரம் வோல்ட். செம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கரண்ட் ரொம்பக் கம்மி; தாங்க வேண்டியது மேலுறைதான். புது வயரில் காய்ந்த பகலில் ஸ்பார்க் வரத்தான் செய்யும். உப்பு ஈரம் படிந்து, எஞ்சின் ஹெட் சூடேறி, பிவிசி இளகிய பிறகு என்ன ஆகும்? ஒரு கடையில் இப்படி மாற்றி வாங்கிய எஞ்சின் மூன்றாம் நாளே என்னிடம் வந்தது. மூடியைத் திறந்தால் சிவப்பு வீட்டு வயர், அதன் மேல் நாலு சுற்று கறுப்பு டேப். டேப்பை உரித்தேன், ஹெட்டில் உரசிய இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை, சுற்றிலும் கரி. கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியே பாடிக்குத் தாவியிருக்கிறது. பக்கத்திலேயே பெட்ரோல் கேன் இருக்கும் வள்ளத்தில் வெளியே பொறி அடித்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை அடி நல்ல வயரையும் ஒரு கேப்பையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வள்ளத்தில் போட்டு வையுங்கள், அவசரம் என்ற பேச்சே வராது.

பழைய லாம்பிரெட்டாவுக்கு நானே வயர் செய்யலாமா? (நாகர்கோவில்)

தாராளமாக. பழைய வயரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, அதே நீளத்துக்கு இரண்டு விரல் கூட்டி வெட்டுங்கள். பிளேடு கூராக இருக்க வேண்டும், முனை நேராக இருக்க வேண்டும், இழை பிரியக் கூடாது. முள் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிவிடுங்கள். ரப்பர் உறையை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள், எல்லாரும் மறப்பது இதைத்தான். அப்புறம் முனையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி வலப்பக்கமாகத் திருகி, இழுத்துப் பாருங்கள். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். ஹெட்டில் உரசாமல் கட்டுங்கள். இருட்டின பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும், கை வைக்காதீர்கள்.

ஓடும்போது கேப்பைப் பிடுங்கித்தான் எங்கள் மெக்கானிக் ஸ்பார்க் பார்க்கிறார். சரியா?

தப்பு. போன தடவையும் எழுதினேன். போக வழியில்லாத கரண்ட் காயிலுக்குள்ளேயே பாய்ந்து சுற்றின் இன்சுலேஷனைப் பொசுக்கிவிடும். எஞ்சின் நிற்கும்போது பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடம்பு ஹெட்டில் தொட்டிருக்க வைத்து ஸ்டார்ட் கயிற்றை இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், அதன் வழியே பெட்ரோல் ஆவி வரும்.

ரப்பர் தோட்டத்துப் புல்வெட்டு மெஷினில் வயரை எலி கடித்துவிட்டது. (குலசேகரம்)

அதில் பெரும்பாலும் வயரும் காயிலும் ஒரே வார்ப்பு. காயிலோடு மாற்றுங்கள். மாட்டும்போது காயிலுக்கும் காந்தம் பதித்த பிளைவீலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு வைத்து முறுக்கினால் இடைவெளி சுமார் 0.3 எம்எம் வந்துவிடும்.

புது வயர் போட்டும் ஸ்பார்க்கே இல்லை. (மார்த்தாண்டம்)

காயில் பக்கத்திலிருந்து சுவிட்சுக்கு ஒரு மெல்லிய வயர் போகும், எஞ்சினை அணைப்பது அதுதான். அது எங்காவது உரிந்து பாடியில் தொட்டால் ஸ்பார்க் அடியோடு நின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை கயிற்றை இழுங்கள். ஸ்பார்க் வந்தால் உங்கள் பிளக் வயரில் குறை இல்லை. இந்த மெல்லிய வயரை மாற்றுங்கள், இதற்குச் சாதா வண்டி வயரே போதும்.